டாக்டர் ஹம்தாரின் ஓசிச் சாப்பாடு

"அறுபத்தோரு மதியச் சாப்பாடு," என்றான் ஸ்டாஷ், கணினித் திரையைக் கும்பிடாத குறையாகப் பார்த்து. "ஒரே வருஷத்துல. ஒரே மருந்துக் கம்பெனி செலவுல. பாஸ், இந்த டாக்டரை எனக்குப் பிடிச்சுப்போச்சு."

"உனக்குச் சாப்பாடு போடறவங்க எல்லாரையும் பிடிக்கும்," என்றாள் நஜ்லா.

"இவர் போடலை, திங்கறார். அதனால மரியாதை இன்னும் ஒரு படி மேல."

அமெரிக்காவில், அரபுக்காரர்கள் நிறைந்த டியர்பார்னில், வாரன் அவென்யூ ரொட்டிக்கடையின் மாடியில், நஜ்லா ஹைதூஸின் துப்பறியும் அலுவலகம். இருபது வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய் பில்களை மோப்பம் பிடித்துவிட்டு, அலுத்துப்போய், அதே வேலையைக் குறைந்த வருமானத்துக்குச் சொந்தமாகச் செய்துகொண்டிருந்தாள். ஸ்டாஷ் அவளுடைய உதவியாளன். பக்கத்து ஊரான ஹாம்ட்ராமிக்கின் போலந்துக்காரன், முன்பு பழுதான கார்களை இழுத்துப்போகும் லாரி ஓட்டியவன். இது நோன்பு மாதம்; முதலாளி எதிரில் சாப்பிடக் கூடாது என்று மேஜை இழுப்பறைக்குள் முகத்தை நுழைத்துச் சாப்பிடும் அளவுக்கு நாகரிகம் தெரிந்தவன்.

எதிர் நாற்காலியில் சுகைனா கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மூத்த மகன் ரியாத் பிறந்த நாளிலிருந்து ஊருக்கு அவள் உம்மு ரியாத், ரியாத்தின் அம்மா; அவள் புருஷன் அபூ ரியாத், அப்பா.

"ரியாத் ஹூஸ்டன்ல இருந்து போன் பண்ணிக் கத்தறான்," என்றாள். "எந்த டாக்டர் யார்கிட்ட என்ன வாங்கினார், அரசாங்கத்துக்கு எவ்வளவு பில் போட்டார்னு எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்காமே. 'யாரு வேணும்னாலும் பாக்கலாம், நீங்க பாத்தீங்களாம்மா'ங்கறான். நான் எங்கே பாத்தேன்? நான் ஹகீமோட, நம்ம டாக்டரோட, முகத்தைப் பாத்தேன். நல்ல முகம்."

"உம்மு ரியாத், உங்களுக்கு என்ன தெரியணும்?"

"ஒண்ணே ஒண்ணுதான். அபூ ரியாத்துக்கு புராஸ்டேட்ல புற்று. மூணு வருஷமா தினம் மாத்திரை. நல்லாத்தான் இருக்கார், என்னோட சண்டை போடற அளவுக்கு. போன வாரம் க்ளினிக்ல இருந்து போன்: வியாழக்கிழமையில இருந்து மாத்திரை வேண்டாம், வெல்தாரிக்ஸ்னு புது மருந்து ஊசி வழியா ஏத்தப் போறோம்னு. அந்தத் தாளைப் படிச்சா, இதயம் பலவீனமா இருக்கறவங்க ஜாக்கிரதைன்னு போட்டிருக்கு. இவருக்கு ஏற்கெனவே இதயத்துல ரெண்டு ஸ்டென்ட். அந்த அறுபத்தோரு சாப்பாடு போட்டது யாருன்னு பாரு."

"வெல்தாரிக்ஸ் கம்பெனி," என்றான் ஸ்டாஷ்.

"அதான். இந்த மருந்து என் புருஷன் உடம்புக்கா, ஹகீம் வயித்துக்கா? வியாழக்கிழமைக்குள்ள சொல்லு."

"அவரையே கேட்டுடலாமே?"

சுகைனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ லெபனான்ல பால்பெக் பக்கத்துப் பொண்ணு, உனக்குப் புரியாது. ஹகீம் எங்க ஊர். அவங்க அம்மாவும் என் மாமியாரும் ஒரே கிணத்துல தண்ணி எடுத்தவங்க. அவர்கிட்டப் போய், 'நீ ஓசியில திங்கறியாப்பா'ன்னு எப்படிக் கேக்கறது?"

"அதுக்குத்தான் எங்களுக்குக் கூலி," என்றான் ஸ்டாஷ். "வெட்கம் இல்லாத கேள்விக்குத் தனி ரேட்."

நஜ்லா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அறுபத்தைந்து தாண்டியவர்களின் மருத்துவச் செலவை மெடிகேர் என்ற பெயரில் அரசாங்கம் கட்டுகிறது. கட்டிய காசுக்கான விவரத்தை, கேட்பவர் குறைவு என்ற தைரியத்தில், ஊரறியப் போட்டும் வைக்கிறது. அதுவும் சுடச்சுட இல்லை. இரண்டு வருஷம் ஆறின கஞ்சி.

"ஐயய்யோ!" என்றான் ஸ்டாஷ், மொத்தத் தொகையைப் பார்த்து. "இதுல ஒரு பாலம் கட்டலாம்."

"மிரளாதே. புற்று மருந்தை க்ளினிக்கே வாங்கி ஏத்துது. மருந்து விலையெல்லாம் அவர் பேர்லதான் நிக்கும். ஆஸ்பத்திரியில சம்பளத்துக்கு இருக்கற டாக்டர் இதே மருந்தைக் கொடுத்தா, அது ஆஸ்பத்திரி கணக்குல போய் ஒளிஞ்சுக்கும். அவர் பார்க்கச் சந்நியாசி மாதிரி இருப்பார். தொகையை விடு. நோயாளிகளைப் பாத்த எண்ணிக்கையைச் சொல்லு."

ஸ்டாஷ் சொன்னான். வகுத்தான். தலையைச் சொறிந்தான். "பாஸ், இந்த வேகத்துல பாத்தா இந்த மனுஷன் ஒரு வருஷம் பாத்ரூமே போகலை."

"உம்மு ரியாத், க்ளினிக்ல உங்களை யார் பாக்கறது?"

"டெனிஸ். டாக்டர் மாதிரியே பாக்க லைசென்ஸ் வாங்கின நர்ஸ். தங்கமான பொண்ணு. ஹகீமும் பாத்தார், ஆரம்பத்துல."

நஜ்லா டெனிஸின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கும் டெனிஸ் ஒரே ஒரு டாலருக்குக்கூட பில் போடவில்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அப்படி ஒருத்தி பூமியிலேயே இல்லை. நஜ்லா புருவத்தைத் தூக்கினாள். அதற்குள் ஸ்டாஷ் உறுமினான்.

"இது அநியாயம் பாஸ். அந்த வருஷம் மே கடைசி, ஜூன் ஆரம்பம், செவ்வாய்க்குச் செவ்வாய் இவருக்குச் சாப்பாடு வந்திருக்கு. அந்த மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தத் தெருவுல பகல்ல ஒரு ஷவர்மா கிடையாது. ஒரு சமோசாவுக்காக..."

அவன் நிறுத்தினான். நஜ்லாவும் சுகைனாவும் அவனையே பார்த்தார்கள்.

"என்ன? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"எந்த மாசம், ஸ்டாஷ்?" என்றாள் நஜ்லா மெதுவாக.

"ரமலான்... ஓ!"

"ஹகீம் ஒன்பது வயசுல இருந்து ஒரு நோன்பு விட்டதில்லை!" சுகைனா எழுந்தே விட்டாள். "பள்ளிவாசல்ல அவருக்குக் கேடயமே கொடுத்திருக்காங்க!"

"அப்போ அந்தச் சாப்பாட்டை யாரோ தின்னிருக்காங்க," என்றாள் நஜ்லா. "டாக்டர் பேர்ல."

"எனக்கு ஒரு யோசனை தோணுது," என்றான் ஸ்டாஷ். "அதுக்கு நான் ஒரு நல்ல சட்டை போடணும். கொஞ்சம் சாப்பாடும் வாங்கணும். உத்தேசமா பத்து பேருக்கு."

"நீ நல்ல சட்டை போட்டு நான் பாத்ததே இல்லை."

"என் கல்யாணத்துல போட்டேன். அவளும் அதைத்தான் சொன்னா."

*

மறுநாள், புதன்கிழமை மதியம். டாக்டர் கஸ்ஸான் ஹம்தாரின் புற்றுநோய் க்ளினிக் வாசலில் ஸ்டாஷ் கழுத்தில் அட்டை, கையில் அலுமினியத் தட்டுகள், முகத்தில் பல் என்று வந்து நின்றான். உலகத்திலேயே இல்லாத ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. நேற்று போனில் கேட்டபோது, "புதன் காலி. சீஸர் சாலட் இருக்கட்டும்," என்று உடனே இடம் கொடுத்திருந்தாள் க்ளினிக் மேனேஜர் லொரெய்ன். கம்பெனி பெயரைக்கூட அவள் இரண்டாவதாகத்தான் கேட்டாள்.

காத்திருப்பு அறை நிறைய வயசானவர்கள். மூலையில் நஜ்லாவும் சுகைனாவும் பழைய பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடப்பது நன்றாகவே கேட்டது.

"கோழி மிருதுவா இருக்கா?" லொரெய்ன் மூடியைத் தூக்கி முகர்ந்தாள். "போன தடவை ஒருத்தன் கொண்டு வந்தது செருப்பு."

"மேடம், என் கோழி உயிரோட இருந்தப்பவே மிருது," என்றான் ஸ்டாஷ். "ஒரு சின்ன விஷயம். டாக்டர் இருந்தாத்தான் லஞ்ச் கொடுக்கணும்னு எங்க கம்பெனிச் சட்டம். வந்தவங்க கையெழுத்துப் போடணும். தலைக்கு இத்தனைன்னு பிரிச்சு அரசாங்கத்துக்குச் சொல்லணும்."

"தெரியும்ப்பா, நேத்துப் பொறந்தேனா?" அவள் தாளை இழுத்து, பழகிய கையால் ஒரு கிறுக்கு கிறுக்கினாள். "இந்தா, டாக்டர் ஹம்தார் வந்தாச்சு."

"அவரை ஒரு நிமிஷம்..."

"பேஷண்டோட இருக்கார்." டாக்டரின் அறைக் கதவு மூடியிருந்தது. அடியில் விளக்கு வெளிச்சம். "அவர் பங்கை நான் எடுத்து வைக்கறேன்." எடுத்தும் வைத்தாள், தன் சொந்தப் பைக்குள். "மெனக்கெட்டுக் கொண்டு வந்திருக்கே. உன் மருந்து என்ன?"

"எங்க மருந்தும் புராஸ்டேட்டுக்குத்தான். டாக்டர் எழுதுவாரா?"

"வெல்தாரிக்ஸ்காரங்க செவ்வாய் தவறினதில்லை. போன மாசம்கூட பதினோரு பேரை அதுக்கு மாத்தியிருக்கோம். நீ எத்தனை வாரம் ஒழுங்கா வரேன்னு பாக்கறேன். அப்புறம் பேசலாம்." முள்கரண்டியைச் சாலட்டில் குத்தினாள். "இதுல சீஸ் கம்மி."

ஸ்டாஷ் பணிவாகக் குறித்துக்கொண்டான்.

*

கார் நிறுத்துமிடத்தில், நஜ்லாவின் பழைய செடானுக்குள், சுகைனா இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! என் ஹகீம் ஒரு பருக்கை தொடலை. அந்தப் பொம்பளை தின்ன சாப்பாட்டுக்கு அவர் தலையில பழி. ரியாத்துக்குப் போன் பண்ணி நாலு கேக்கறேன். கம்ப்யூட்டர்ல பாத்தானாம், கம்ப்யூட்டர்ல!"

"வழக்கு முடிஞ்சுது," என்றான் ஸ்டாஷ், பின்சீட்டில் தலையைக் குனிந்து மறைத்துக்கொண்டு, மிச்சக் கோழியோடு. "நல்லவர் நல்லவரே. சரித்திரத்துல முதல் தடவை."

"அப்போ நாளைக்கு அபூ ரியாத் போகலாம்," என்றாள் சுகைனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்குத் தெரியும். ரமலான்ல இந்த நாட்டுச் சோத்தையே தொடாத மனுஷன் மேல சந்தேகப்பட்டேனே, பாவி."

நஜ்லா சாவியைத் திருகப் போன கையை நிறுத்தினாள். "இந்த நாட்டுச் சோத்தைன்னா?"

"வருஷா வருஷம் நோன்பு மாசம் முழுக்க ஊர்ல, அம்மா பக்கத்துலதான் இருப்பார். பிறை பாத்துப் போனா பெருநாள் முடிஞ்சுதான் வருவார். அதுக்குத்தானே அந்தக் கேடயம்! இப்பவும் அங்கேதான். என் மச்சினி நுஹா வெள்ளிக்கிழமை அவங்க வீட்டுலதான் நோன்பு திறந்தாளாம். அப்படி ஒரு பிள்ளை!"

காருக்குள் கோழி மெல்லும் சத்தம் நின்றது.

"மேடம்," என்றான் ஸ்டாஷ், "இதை நேத்தே சொல்லணும்னு தோணலையா?"

"இதைப் போய்ச் சொல்லுவாங்களா? ஊருக்கே தெரியுமே!"

ஊருக்கே தெரிந்திருந்தது, துப்பறிகிறவளைத் தவிர. காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஹகீம் அம்மாவோடு இருக்கிறார் என்று ஒரு வாயால் மெச்சிவிட்டு, ஹகீம் உள்ளே பேஷண்டோடு இருக்கிறார் என்று அதே வாயால் தலையாட்டினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு.

"அவர் ஊர்ல இருந்தா, புது மருந்தை யார் எழுதினது?" என்றாள் நஜ்லா.

"அங்கேயிருந்தே சொல்லியிருப்பார். இப்போ எல்லாம் போன்லயே நடக்குதே."

"உம்மு ரியாத், கேளுங்க. டெனிஸ் தன் பேர்ல பில் போட்டா அரசாங்கம் நூத்துக்கு எண்பத்தஞ்சுதான் கொடுக்கும். டாக்டர் பேர்ல போட்டா முழு நூறு. ஒரே நிபந்தனை, டாக்டர் அந்த நேரம் கட்டடத்துக்குள்ள இருக்கணும். அதான் டெனிஸ் கணக்குல இல்லை. அவ பாத்த ஆளெல்லாம் அவர் கணக்குல விழுந்து, டாக்டர் பாத்ரூம் போகலை. சாப்பாட்டுக்கு ஆள் இருக்கறதாக் கையெழுத்துப் போடற கை, ஊசிக்கும் போடும்."

"ஆக, சாப்பிடலைன்னு நிரூபிச்சு அவரைக் காப்பாத்தினோம்," என்றான் ஸ்டாஷ். "அதனாலேயே மாட்டிவிட்டோம். பாஸ், நம்மளை யாரும் நல்லது செய்யக் கூப்பிடவே கூடாது."

சுகைனா கைப்பையை மடியில் திருப்பி வைத்தாள். "பதினோரு பேரை மாத்தியிருக்கோம்னு சொன்னாளே அவ," என்றாள் பிறகு. "இருக்கோம்னு."

"ரெண்டு டாலர் மாத்திரையில க்ளினிக்குக்கு டீக் காசுகூட நிக்காது. ஏத்தற மருந்துல விலைக்குத் தக்க பங்கு நிக்கும்," என்றாள் நஜ்லா.

சுகைனா போனை எடுத்தாள். "இங்கே மணி பன்னெண்டு அம்பது. அங்கே ஏழு அம்பது. இப்பத்தான் நோன்பு திறந்திருப்பாங்க. நுஹா பக்கத்து வீடு."

வீடியோ அழைப்பில் நுஹா வந்தாள். நலமா, பிள்ளைகள் நலமா, நோன்பு கடுமையா, சூப்பு என்ன சூப்பு என்று கேட்டு முடிப்பதற்குள் நஜ்லாவுக்கு அரை ஆயுசு போனது. ஒரு வழியாக நுஹா போனோடு வேலி தாண்டினாள். திரையில் ஒரு நீள மேஜை, தட்டுகள், தலைமாட்டில் வெள்ளை அங்கியில் டாக்டர் ஹம்தார். வாய் நிறைய.

"கையெழுத்து பொய் இல்லை பாஸ்," என்றான் ஸ்டாஷ் எட்டிப் பார்த்து. "இந்த நேரத்துக்கு மனுஷன் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கார். தட்டுதான் வேற."

"ஹகீம், உங்க நோன்பை அல்லாஹ் ஏத்துக்கட்டும்," என்றாள் சுகைனா.

"உங்களோடதையும், உம்மு ரியாத்! அபூ ரியாத் எப்படி இருக்கார்?"

"நல்லாருக்கார். நாளைக்குத்தான் மருந்து மாத்தறாங்க."

"மாத்தறாங்களா?" டாக்டர் பேரீச்சங்கொட்டையைத் தட்டில் வைத்தார். "எதுக்கு? போன பரிசோதனை நல்லாத்தானே இருந்தது. அந்த மாத்திரையே கேக்குதே. எந்த மருந்து?"

"வெல்தாரிக்ஸ்."

"அவருக்கா? ஸ்டென்ட் வெச்சவருக்கா? எந்த முட்டாள் எழுதினது?"

சுகைனா போனை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். "நீங்கதான், ஹகீம். உங்க கையெழுத்து இருக்கு."

கடலுக்கு அந்தப் பக்கம் மேஜையில் கரண்டிகள் நின்றன. யாரோ ஒரு குழந்தைதான் சூப்பை உறிஞ்சியது.

"லொரெய்ன்..." என்றார் டாக்டர். "நான் அவளைக் கூப்பிட்டுக் கேக்கறேன். அவ கொஞ்சம் அதிகமா..."

"அவ சாப்பாட்டைத்தான் தின்னா, ஹகீம்," என்றாள் நஜ்லா பக்கத்திலிருந்து. "மருந்துக் காசு யார் கணக்குல போய் விழுது?"

"நீங்க யாரு?"

"பால்பெக் பக்கம்."

"உம்மு ரியாத், இதெல்லாம் போன்ல பேசற விஷயம் இல்லை..."

"போன்லதானே ஹகீம் வைத்தியம்," என்றாள் சுகைனா. காரின் கதவைத் திறந்தாள். "வெச்சுடாதீங்க. நுஹா! அவர் எழுந்து போனா பின்னாலேயே போ."

*

காத்திருப்பு அறைக் கதவு சுவரில் மோதியது. லொரெய்ன் முள்கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"என்னம்மா, உங்க அப்பாயின்ட்மென்ட் நாளைக்குத்தானே?"

"டாக்டரைப் பாக்கணும்."

"பேஷண்டோட..."

"எந்த பேஷண்டோட?" சுகைனா போனைக் கண்ணாடித் தடுப்பில் ஒட்டவைத்தாள். திரையில் டாக்டர் ஹம்தார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஒரு கழுதை கத்தியது. "இதுல நிறைய பேர் இருக்காங்க. யாருக்கு என்ன வியாதின்னு சொல்லு."

லொரெய்னின் வாயிலிருந்து சாலட் இலை ஒன்று எட்டிப் பார்த்தது. உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

முதலில் எழுந்தவர் கைத்தடி வைத்த ஒரு கிழவர். போனை மூக்குக்கு நேராக இழுத்துக்கொண்டார். "ஹகீம், எனக்கும் மாத்திரையை நிறுத்திட்டாங்க. நிறுத்தச் சொன்னது நீங்கதானா?"

"உங்க... பேர் என்ன, ஐயா?"

"மூணு வருஷமா என் பேர்ல பில் போடறே. பேர் கேக்கறியா?"

அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். பிறகு ஒரு பெண்மணி, சக்கர நாற்காலியை இரண்டு பேர் காலில் ஏற்றிக்கொண்டு. பத்து நிமிஷத்தில் போனுக்கு முன்னால் வரிசையே உருவாகிவிட்டது. "தள்ளாதீங்க, எல்லாருக்கும் கிடைக்கும்," என்று ஸ்டாஷ் ஒழுங்கு செய்தான். நுஹாவின் குரல் அந்தப் பக்கமிருந்து, "உக்காருங்க ஹகீம், இன்னும் ஆள் இருக்கு!" என்றது.

உள்ளேயிருந்து டெனிஸ் வந்தாள். இளைத்த முகம். வரிசையைப் பார்த்தாள், லொரெய்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அபூ ரியாத்தின் பரிசோதனைப் படங்கள் இருந்த குறுந்தகட்டோடு திரும்பினாள்.

"மாத்திரையை நிறுத்த வேண்டாம்னு நான் எழுதியிருந்தேன், சுகைனா," என்றாள் தாழ்ந்த குரலில். "நான் எழுதறதுக்கு அடியில அவர் பேர் வந்துடும். அப்புறம் மேல இருக்கறதை யாரோ மாத்திடறாங்க."

"இதை வெளியே சொல்லுவியா?" என்றாள் நஜ்லா.

டெனிஸ் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி, லொரெய்னின் சாலட் பக்கத்தில் வைத்தாள். "என் பேர்ல கேட்டா சொல்லுவேன்," என்றாள்.

சுகைனா குறுந்தகட்டைக் கைப்பையில் வைத்து இழுத்து மூடினாள். போனைக் கிழவர்களிடமே விட்டுவிட்டு, நஜ்லாவின் போனை வாங்கி வாசலுக்கு நடந்தாள்.

"அபூ ரியாத், நான்தான். நாளைக்கு க்ளினிக் போக வேண்டாம். அந்த மாத்திரையையே போடு... ஆமா. இல்லை, ஹகீம் சாப்பிடலை... இல்லை, அதுக்காக நல்லவர்னு இல்லை. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

 மறுமுனையில் அபூ ரியாத்தின் குரலில் திடீரென்று ஒரு குஷி வந்தது. "அப்போ வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. நான் நோன்பு வைக்கட்டுமா?"

"டாக்டரைக் கேக்கணும்."

"எந்த டாக்டரை?"

சுகைனா திரும்பிக் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். வரிசை இன்னும் குறையவில்லை.

"கண்டுபிடிக்கணும்," என்றாள். "இனிமேதான் கண்டுபிடிக்கணும்."